லீவுக்கு ஊருக்கு வரும்போது எங்கே தண்ணீர் இருக்கும்?

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

துபாயிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: ஜூலை கடைசியில் பிள்ளைகளோடு வருகிறோம், கூந்தன்குளத்தில் பூநாரை பார்க்கணும், அப்படியே ரெண்டு மூணு குளங்கரையில் உட்கார்ந்துவிட்டு வரணும், எப்படிப் போகலாம் என்று. தம்பி, ஜூலை கடைசியில் கூந்தன்குளம் இருக்கும் நாங்குநேரிப் பக்கம் போனால் பெரும்பாலான வருஷம் குளத்துக்குள்ளே ஆடு மேய்வதைத்தான் பார்க்க முடியும். அதே ஜூலையில் மேற்கே மலையடிவாரத்தில் அணைகள் நிரம்பிக்கொண்டிருக்கும். மாசத்தைப் பார்த்துத் திசையைத் தேர்ந்தெடுங்கள், எல்லாருக்கும் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

நம்ம நெல்லைச் சீமைக்குத் தண்ணீர் ரெண்டு தவணையாக வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலை உச்சியில் மட்டும் பெய்யும். அடிவாரத்தில் சாரல், பாளையங்கோட்டைக்கு வெறும் காற்று. அந்த மழை நிரப்புவது பாபநாசம், சேர்வலாறு, தென்காசி மாவட்டத்துக் குண்டாறு, அடவிநயினார், கடனா, ராமநதி, கருப்பாநதி அணைகளை. அக்டோபர் கடைசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான் கிழக்கே குளங்களை நிரப்பும். மணிமுத்தாறு அணையும் பெருமளவு இந்த ரெண்டாம் மழையை நம்பித்தான் இருக்கிறது. ஒரே மலை, பக்கத்துப் பக்கத்து ஆறு, ஆனாலும் ஜூலையில் பாபநாசம் ஏறும்போது மணிமுத்தாறு அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம்.

பேப்பரில் தினமும் அணை நீர்மட்டம் வருகிறதே, அதைப் படிக்கப் பழகினால் டிக்கெட் போடும் முன்பே பாதி தெரிந்துவிடும். முழு உயரம் மனசில் இருக்கட்டும்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனா 85, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36, அடவிநயினார் 132, வடக்குப் பச்சையாறு 50. பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கக் குழாயால் இணைந்தவை. அதனால் ரெண்டும் பெரும்பாலும் 13, 14 அடி வித்தியாசத்தில் சேர்ந்தே ஏறி இறங்கும்.

இங்கே பலரும் தவறுவது ஒன்று உண்டு. 143-இல் 72 அடி என்றால் பாதி அணை என்று நினைத்துவிடுகிறோம். பள்ளத்தாக்கு அடியில் குறுகல், மேலே போகப் போக அகலம். மேல் பத்து அடியில் இருக்கும் தண்ணீர் கீழ்ப் பத்து அடியைப்போலப் பல மடங்கு. ஆகவே 72 அடியில் போனால் பாதிகூட இருக்காது. செம்மண் கரைதான் பட்டை பட்டையாகத் தெரியும். கண்ணுக்கு நிறைவாக வேண்டுமானால் பாபநாசம் 110-க்கு மேல் போன பிறகு போங்கள்.

அடுத்து வரத்தும் திறப்பும், அதாவது அணைக்குள் வரும் தண்ணீரும் வெளியே விடும் தண்ணீரும். விநாடிக்கு 1,000 கன அடி என்றால் ஒரு நாளைக்கு 86.4 மில்லியன் கன அடி. மணிமுத்தாற்றின் கொள்ளளவு 5,511 மில்லியன் கன அடி. காலியாக இருந்தால் அந்த வரத்தில் நிரம்ப 64 நாள் ஆகும், திறப்பே இல்லாமல். அடுத்த வாரத்துக்குள் நிரம்பிவிடும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குண்டாறு மாதிரிச் சின்ன அணைக்கு இது பொருந்தாது. சாரல் பிடித்தால் சில நாளிலேயே நிரம்பி வழியும். ஜூலையில் செங்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் அதை முதலில் பார்க்கலாம். மேக்கரை அடவிநயினார் அணையும் பக்கம்தான். ரெண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு குற்றாலம் திரும்பலாம்.

பாபநாசம் மேலணை, அதாவது காரையாறு, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பாபநாசம் சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பாட்டில், பை, மது எதுவும் உள்ளே போகாது. எவர்சில்வர் தூக்கு, சாப்பாட்டுக்கு வாழையிலை கொண்டுபோங்கள். சாயங்காலம் இருட்டும் முன் சாவடிக்குத் திரும்பிவிட வேண்டும். அதனால் காலையிலேயே ஏறிவிடுங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போய்த் திரும்பத்தான் நேரம் இருக்கும். காரையாறு அணையில் படகு ஏறிப் பாணதீர்த்தம் போன பழைய ஞாபகத்தில் யாரும் பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். அந்தப் படகு நின்று பல வருஷம் ஆயிற்று. ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களைக் கண்டிப்பாகத் தவிருங்கள். சொரிமுத்து ஐயனார் கோவிலுக்கு வரும் கூட்டத்தில் தனி வண்டி நகராது. கோவிலுக்கே வருகிறவர்கள் என்றால் அது வேறு.

ஆற்றில் குளிக்க இறங்குகிறவர்கள் முந்தின நாள் திறப்பையும் அன்றைய திறப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரெட்டிப்பாக இருந்தால் பிள்ளைகளைப் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் ஒரு பொட்டு மழை இல்லாத நாளிலும் அணையில் திறப்பு கூடினால் படித்துறையில் ஒரு படி, ரெண்டு படி ஏறிவிடும். பாபநாசம் படித்துறையில் இன்னொரு தொல்லையும் உண்டு. பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகள் பாறை இடுக்கில் மாட்டி, பாசியோடு சேர்ந்து காலைச் சுற்றும். நம்ம தாமிரபரணியை நாமே இப்படிச் செய்வது நெஞ்சைச் சுடுகிறது. நம் குடும்பங்களில் யாரும் துணியை ஆற்றில் விடாமல் பார்த்துக்கொள்வோம்.

மணிமுத்தாறு அணையில் குளிக்கலாமா என்று சிங்கப்பூர் அண்ணாச்சி கேட்டிருந்தார்கள். வேண்டாம் அண்ணாச்சி. எந்த அணையின் நீர்ப்பிடியிலும் இறங்கக் கூடாது. அதற்கு அருவி இருக்கிறது. அணையில் செய்ய வேண்டியது கரையில் நடப்பது. ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளக் கரை, ஒரு பக்கம் மலையும் தண்ணீரும், மறு பக்கம் வாழையும் நெல்லும். டிசம்பர், ஜனவரியில் காலை ஏழு மணிக்குள் போனால் மேகம் மலையின் பாதியில் படுத்திருக்கும். அருவிக்கு மேலே மாஞ்சோலைப் பாதைக்கு வனத்துறை அனுமதி தனியாக வாங்க வேண்டும். அருவியிலும் வரத்து கூடினால் தடை போட்டுவிடுவார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து கிளம்பும் முன் கேட்டுக்கொண்டால் வீண் அலைச்சல் இல்லை.

இப்போது குளங்கள். டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை வருகிறவர்களுக்குத்தான் அந்த பாக்கியம். கூந்தன்குளத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். 1994-இல் சரணாலயம் ஆனது, இப்போது ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் இருக்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊர் ஜனங்கள் பறவைக்காக வெடி வெடிக்காமல் இருந்து வருகிறார்கள். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டும். கூட்டுக்கு அடியில் நிற்காதீர்கள். சட்டை வீணாவது மட்டும் இல்லை; மேலே தாய்ப்பறவை பதறி எழுந்தால் குஞ்சு கீழே விழும். குளத்துத் தண்ணீர் மணிமுத்தாற்றிலிருந்து கால்வாயில் வருகிறது. ஆகவே டிசம்பரில் மணிமுத்தாறு எத்தனை அடி என்று பார்த்தால் அந்த வருஷக் கூந்தன்குளத்தை முன்கூட்டியே கணிக்கலாம்.

வெயிலின் பக்கம் முக்கியம். காலையில் குளத்தின் கிழக்குக் கரையில், சாயங்காலம் மேற்குக் கரையில் நில்லுங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் விழுந்தால்தான் நிறம் தெரியும். எதிர்வெயிலில் வரித்தலை வாத்தும் ஊசிவால் வாத்தும் ஒரே கறுப்புப் பொட்டுதான். பைனாகுலர் 8×42, அதாவது 8 மடங்கு பெரிதாக்குவது போதும். 12 மடங்கு வாங்கினால் கை நடுக்கம் படத்தைக் குலைக்கும், பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் அலுத்துவிடுவார்கள். சிவப்பு, வெள்ளைச் சட்டையைத் தவிர்த்து, மங்கின நிறமாகப் போடுங்கள். பூநாரை ஆழம் குறைந்த தண்ணீரில்தான் இறங்கும். குளம் தளும்பும் வருஷம் பொங்கலுக்கு முன் அதைத் தேட வேண்டாம். மட்டம் இறங்கி ஓரத்துச் சேறு தெரிய ஆரம்பித்த பிறகு வரும். அந்தி நேரத்தில் சோளக்குருவி கூட்டம் கூட்டமாக உடைமரக் காட்டில் அடைய வருவதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

ஊருக்கு ஒரு குளம் உண்டு என்பதால் பேர் பேராகச் சொல்லவில்லை. எந்தக் குளமானாலும் கால் வைக்கும் முன் மூன்று இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியூரில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இது தெரியவே தெரியாது.

ஒன்று மடை, குளத்துத் தண்ணீரை வயலுக்கு விடும் வாய். கரையோரம் தண்ணீருக்குள் ரெண்டு கல்தூண் நிற்கும், அல்லது இரும்புத் திருகோடு ஷட்டர் இருக்கும். மடை திறந்திருக்கும்போதும் மேல்மட்டம் அலுங்காமல் கிடக்கும், இழுப்பு அடியில். ஒரு காய்ந்த வேப்பிலையைத் தூணுக்குப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். சும்மா கிடந்தால் மடை அடைத்திருக்கலாம். மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து, தூணை நெருங்க நெருங்கத் தட்டாமாலை சுற்ற ஆரம்பித்தால் கீழே மடைவாய் குடித்துக்கொண்டிருக்கிறது. ஆள் காலை வைத்தால் வாயில் கால் அடைபடும், பின்னால் இருக்கிற தண்ணீரின் பாரம் முழுக்க அவன்மேல் இறங்கும். எவ்வளவு பெரிய நீச்சல்காரனாலும் உருவ முடியாது. இலை நகரவில்லை என்றாலும் மடைப்பக்கம் நீந்தாதீர்கள். எந்த நேரமும் யாராவது வந்து திருகைத் திருப்பலாம்.

அடுத்தது மறுகால், நிரம்பிய குளத்தின் மிச்சத் தண்ணீர் வழியும் கல்கட்டு. குளம் நிரம்பி மறுகால் பாய்வது கண்கொள்ளாக் காட்சி, மீன் எதிர்த்து ஏறும், ஊரே கூடும். கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று கல்மேல் நடக்கிறோம். கல்லில் பாசி, வேகம் மேலே தெரியாது. விழுந்தால் போய்ச் சேருவது கீழே விழுதண்ணீர் அரித்த குழியில். அங்கே நுரை மேலே வர, ஆளை உள்ளே சுற்றும். பக்கத்துக் கரையிலிருந்து பாருங்கள்.

மூன்றாவது மண் எடுத்த பள்ளம். கோடையில் வண்டல் அள்ளிய இடம் செங்குத்தாக வெட்டின சுவர் மாதிரி இருக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பார்கள், அடுத்த அடி தலைக்கு மேல் போய்விடும். கலங்கல் தண்ணீரில் அது தெரியாது. வருஷா வருஷம் இதில்தான் பிள்ளைகளின் உயிர் போகிறது. போன கோடையில் எங்கே அள்ளினார்கள் என்று அங்கே ஆடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள், கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்.

வண்டி விஷயம் சுருக்கமாக. மழை கழிந்த ஒரு வாரத்துக்குக் கார் கரைமேல் ஏற வேண்டாம். ஓரம் இளகி, சக்கரம் வழுக்கும். மானூர்ப் பக்கம் கரிசல் மண், நனைந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். உடைமுள் மெல்லிய செருப்பைத் துளைக்கும், கனத்த அடி உள்ளதாகப் போடுங்கள். 2023 டிசம்பர் பெருமழையில் பல குளங்களின் கரை உடைந்தது. அடைத்த இடத்தில் புது மண் நிறம் மாறித் தெரியும், அங்கே நிற்காமல் கடந்து போங்கள்.

யாராவது தவறி விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீட்டர். ரெண்டைச் சேர்த்துக் கட்டினால் முடிச்சுக்குப் போக 6 மீட்டருக்கு மேல் நிற்கும். நனைத்து முறுக்கி, நுனியில் மூடிய காலிக் கேன் ஒன்றைக் கட்டி, கரையில் படுத்துக்கொண்டு வீசுங்கள். நின்று இழுத்தால் நீங்களும் சேர்ந்து போவீர்கள். குளத்துக்குப் போகும்போது காரில் 15 மீட்டர் நைலான் கயிறு ஒன்று கிடந்தால் இன்னும் நல்லது.

ஏப்ரல், மே மாதத்தில் மட்டும் லீவு கிடைக்கிறவர்களுக்குக் குளமும் இல்லை, அணையும் அடிமட்டம். அகஸ்தியர் அருவி இருக்கிறது. அதோடு திருப்புடைமருதூர் போய் வாருங்கள். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடம், நாறும்பூநாதர் கோவில், கோபுரத்துக்குள்ளே சுவரோவியம், தோப்பில் மருத மரங்கள். அந்தத் தோப்பு 2005-இல் இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கோடையிலும் பறவை அடையும், நிழல் உண்டு. வீரவநல்லூர் வரை பஸ்ஸில் வந்து ஆட்டோ பிடிக்கலாம்.

தம்பி, ஜூலைக்குக் குண்டாறு, அடவிநயினார் ஒரு நாள், காரையாறு ஒரு நாள் என்று வையுங்கள். கூந்தன்குளத்துக்கு ஒரு பொங்கல் லீவை ஒதுக்குங்கள்.