பூசணி, புடோல் பிஞ்சு வெம்பி விழுது. தேனீ இல்லாததாலயோ?

பந்தல்கால் (விசுவமடு):
கால் ஏக்கர் பூசணி, பக்கத்தில புடோல் பந்தல். பூவுக்குக் குறைவில்லை. பிஞ்சுதான் தேசிக்காய் அளவு வரமுன்னமே மஞ்சளாகி விழுது. பழ ஈக்கு கிழமைக்கொருக்கா மருந்து, தேனீக்கு ஆபத்தில்லையெண்டு பின்னேரம் 5 மணிக்குப் பிறகுதான். எண்டாலும் காலமையில பூவில ஒரு தேனீயும் இல்லை. தேன்பெட்டி வைச்சாச் சரிவருமோ?

வரம்போரம்:
விழுந்த பிஞ்சை நீளமா வெட்டிப் பாருங்கோ. உள்ளுக்குப் புழு இருந்தா ஈயின்ர வேலை. புழு இல்லாமல் சுருங்கியிருந்தா மகரந்தம் சேரேல்லை. அதுக்கு மருந்தடிச்சா இருக்கிற பூச்சியும் போகும். தொடக்கத்தில ஆண் பூதான் கூட வரும், அது கொட்டுறதுக்குப் பயப்பிடாதேங்கோ.

பூசணிக்குக் கையால செய்யலாம். காலமை 6 - 8 மணிக்குள்ள, அண்டைக்கு விரிஞ்ச ஆண் பூவைக் காம்போட பறிச்சு இதழை உரியுங்கோ. நடுத்தண்டை, அடியில குட்டிக்காய் உள்ள பெண் பூவுக்குள்ள விட்டு எல்லா மடலிலயும் தடவவேணும். ஒரு பக்கம் விட்டா காய் கோணும். ஒரு ஆண் பூ 2 - 3 பெண் பூவுக்குக் காணும். வெயிலேறினா பூ சுருண்டிடும்.

அந்திப்பூ:
பின்னேர மருந்து பூசணிக்குச் சரி, புடோலுக்குப் பிழை. நூல்நூலாப் பிரிஞ்ச அந்த வெள்ளைப் பூ பொழுதுபடத்தான் விரியும். வாறது தேனீயில்லை, அந்துப்பூச்சி. 5 மணிக்கு அடிச்சது காயமுன்னமே அது வந்து மாட்டும். பீர்க்கும் பின்னேரப் பூதான். பூசணியும் புடோலும் பக்கத்துப் பக்கத்தில நிண்டா மருந்துக்கு நல்ல நேரமே இல்லை. புடோல் பிஞ்சுக்குக் கடதாசிப் பை கட்டுங்கோ, விழுந்த காயை ஒண்டரை அடி ஆழத்தில தாழுங்கோ.

பந்தல்கால்:
அடிக்கிறது இமிடாகுளோபிரிட்.

வரம்போரம்:
அப்ப நேரம் பாத்தும் பிரயோசனமில்லை. அது செடிக்குள்ள ஊறித் தேனிலயும் மகரந்தத்திலயும் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்த வயலுக்கு அதைத் தடைசெய்தது இதாலதான். முதல்ல அதை நிப்பாட்டுங்கோ.

பெட்டி பிறகு. மர நிழல், பக்கத்தில தண்ணி, நாலு காலும் தண்ணி விட்ட சிரட்டைக்குள்ள. இல்லாட்டி எறும்பேறிக் கூட்டம் கிளம்பிடும். கோடையில பூவில்லாட்டியும் நம்மட தேனீ நில்லாது, அதால வேலியோரம் முருங்கை, வெறுங்காணியில எள்ளு. வரம்புத் தும்பையைக் களைகொல்லியால எரிக்காதேங்கோ. வரம்பு மண்ணில வளை தோண்டுற காட்டுத் தேனீயும் இருக்கு, அதுக்குப் பெட்டியும் வேண்டாம், செலவுமில்லை.