பெரும்பாக்கத்தில் ஏ.சி. சர்வீஸ் பயிற்சி: பசங்க பாதியில் நிற்காமல் இருக்க என்ன செய்யலாம்?

மேடவாக்கம் மணி:
பெரும்பாக்கம் குடியிருப்பில் 18 முதல் 24 வயது வரை 20 பேருக்கு மூன்று மாத ஏ.சி. சர்வீஸ் பயிற்சி நடத்தப் போகிறோம். பெரும்பாலும் பத்தாவதோடு நின்றவர்கள். கேட்டரிங், லோடு வேலைக்குப் போகிறவர்கள். சமுதாயக் கூடமும் பழைய ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏ.சி. இரண்டும் கையில் இருக்கு. இந்த மாதிரிப் பயிற்சிகளில் முதல் வாரம் கூட்டம் நிரம்பும், இரண்டாம் மாதம் பாதி காலி. வேலையில் சேர்ந்தவர்களும் சீக்கிரமே திரும்பி விடுகிறார்கள். எதை மாற்றணும்?

குளிர்பதனம்:
முதலில் காலண்டர். சென்னையில் சீசன் மார்ச்சில் சூடு பிடிக்கும், கடைகள் ஆள் தேடுவது அதற்குச் சற்று முன்னால். டிசம்பர் முதல் வாரம் தொடங்கினால் பிப்ரவரி கடைசியில் பசங்க தயார். ஜூனில் தொடங்கினால் முடிகிற நேரம் மழை வந்துவிடும், இருக்கிற ஆளுக்கே வேலை இருக்காது.

இரண்டு மெஷினை வைத்து 20 பேரை ஒன்றாக உட்கார வைக்காதீங்க. ஐந்து பேர் கை வைப்பான், மீதிப் பேர் போன் பார்ப்பான். பத்துப் பத்தாகப் பிரித்து, ஒரு குழு மெஷினில் இருக்கும்போது இன்னொரு குழு பலகையில் வயரிங் போடட்டும்: லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர், தனி எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானாக அணைகிற சுவிட்ச்), எர்த். புகார் என்று வருவதில் பல, மெஷினை விட்டு பிளக்கிலோ ஸ்டெபிலைசரிலோ இருக்கும்.

செம்புக்குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம். கால் இஞ்ச், அரை இஞ்ச் குழாயில் ஆளுக்கு இருபது பிளேராவது (நட்டு போட்டு இணைக்கக் குழாய் வாயைப் புனல் மாதிரி விரிப்பது) போடணும். புதுசாகக் கற்கிறவன் நட்டைக் குழாயில் மாட்டாமலே பிளேர் போட்டுவிடுவான், வெட்டி மறுபடி போடணும். பிசிறு எடுக்கும்போது குழாய் வாய் கீழ்நோக்கி இருக்கணும், இல்லாவிட்டால் செம்புத்தூள் உள்ளே போய் கம்ப்ரஸரைக் கெடுக்கும். லீக் பார்க்க நைட்ரஜனும் சோப்புத் தண்ணியும் மட்டும். ஆக்சிஜனை ஏற்றினால் உள்ளே இருக்கிற ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். இப்போதைய ஏ.சி.களில் வருகிற ஆர்32 தீப்பிடிக்கிற கேஸ் என்பதால் கேஸ் இருக்கிற லைனில் பற்றவைப்பே கூடாது. பம்ப் டவுன், அதாவது கேஸை வெளியே மாட்டுகிற யூனிட்டுக்குள் இழுத்து அடைப்பது, பழக்கிவிட்டால் அதே கேஸை வைத்தே திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுக்கலாம், சிலிண்டர் செலவு மிச்சம்.

அவுட்டோர் யூனிட் மாட்டுவது உயரத்து வேலை. முழு உடல் பெல்ட்டை எதில் கட்டுவது என்று சொல்லிக்கொடுக்காமல் யாரையும் வேலைக்கு அனுப்பாதீங்க. ஜன்னல் கிரில்லில் கட்டுகிற பழக்கம் ஆபத்து.

கலா, செம்மஞ்சேரி:
மணி சார், நிற்பதற்குக் காரணம் ஆர்வக் குறைவு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். கணக்கைப் பாருங்க. கேட்டரிங்கில் அன்றைய காசு அன்றிரவே கையில். உங்க பையன் மார்ச் 1 வேலையில் சேர்ந்தால் முதல் சம்பளம் ஏப்ரல் முதல் வாரம் தாண்டித்தான். அந்த ஐந்தாறு வாரத்துக்கு பஸ், டிபன், போன் ரீசார்ஜ் எல்லாம் யார் காசு? ஓடி வருவது அந்த இடைவெளியில்தான்.

அதனால் பயிற்சிக்குக் கொடுக்கிற உதவித்தொகையை 12 வாரத்தில் தீர்த்துவிடாமல் 18 வாரத்துக்குப் பிரித்து வையுங்க. கடைசி ஆறு வாரப் பணம் வேலைக்குப் போன பிறகு, வாராவாரம். முதல் மாதம் மட்டும் வார அட்வான்ஸ் தரச் சொல்லி முதலாளியிடமும் பேசுங்க, பலர் ஒத்துக்கொள்வார்கள்.

வகுப்பு மதியம் 2 முதல் 5 வரை இருந்தால் காலை வேலையை விடாமல் வருவார்கள். டிசம்பர் பாதியில் மார்கழி பிறந்துவிடும், முகூர்த்தம் இல்லை, கல்யாண கேட்டரிங்கும் இல்லை, அதனால் அந்த மாதம் ஆள் வகுப்புக்கு வருவார்கள். தை பிறந்ததும் பாருங்க, கல்யாண நாளில் கூடம் காலியாக இருக்கும். முகூர்த்த நாளை முன்பே குறித்து அன்று விடுமுறை விடுங்க, முக்கியப் பாடத்தை அன்றைக்கு வைக்காதீங்க.

இன்னொன்று, லைசென்ஸ். சர்வீஸ் ஆளுக்கு வண்டி ஓட்டத் தெரியணும். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து 30 நாள் ஆனால்தான் டெஸ்ட், அதனால் முதல் வாரமே அதற்கான வேலையைத் தொடங்கணும். பலருக்கு ஆதாரில் இன்னும், பெரும்பாக்கத்துக்கு மாற்றப்படும் முன் இருந்த பழைய ஆற்றங்கரை விலாசம் இருக்கும், அதை மாற்றாமல் எதுவும் நகராது.

தொழில்பாதை:
18, 19 வயதுக்காரர்களைத் தனியாகப் பேசிப் பாருங்க. வீட்டில் தாங்குவார்கள் என்றால் அரசு ஐ.டி.ஐ.தான் (தொழிற்பயிற்சி நிலையம்) நல்லது. குளிர்பதனப் பிரிவு இரண்டு வருஷம், பயிற்சிக் கட்டணம் இல்லை, பஸ் பாஸ் உண்டு. மூன்று மாதச் சான்றிதழை வைத்துப் பெரிய கம்பெனியில் நிரந்தர வேலை எதிர்பார்க்க முடியாது. அங்கே வெல்டர், வயர்மேன் பிரிவுக்கு எட்டாவது போதும். வீட்டுக்குக் காசு கொடுத்தே ஆகணும் என்கிறவர்களுக்கு மட்டும் உங்க பயிற்சி.

மேடவாக்கம் மணி:
டூல்ஸ் கிட்டைச் சான்றிதழோடு கொடுக்கலாமா? முன்பே கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்று கமிட்டியில் சொல்கிறார்கள்.

குளிர்பதனம்:
இரண்டாம் வாரமே கொடுங்க. சொந்த ஸ்பேனரில் பழகினவனுக்குத்தான் கை வரும். டெஸ்டர், கட்டிங் பிளையர், இரண்டு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், ஆலன் கீ செட், குழாய் கட்டர் ஆளுக்கொன்று. கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ், பிளேரிங் செட், கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டர் ஐந்து பேருக்கு ஒன்று. குழாயில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிற வேக்யூம் பம்ப் கூடத்துக்கே ஒன்று போதும். ஒவ்வொன்றிலும் நம்பர் பஞ்ச் அடித்து, சனிக்கிழமைதோறும் விரித்து எண்ணுங்க.