பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல்: வாசித்தது தேர்வில் நினைவுக்கு வர எப்படிப் படிப்பது?

கேள்வி: தமிழ்வழி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். உயிரியல் பாடங்களைப் பலமுறை வாசித்து, முக்கியமான வரிகளை அடிக்கோடிட்டும் வைத்திருக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததாகவே தோன்றுகிறது. ஆனால் தாவரவியலில் வரும் கருப்பையின் (சூலுக்குள் அண்டச் செல் இருக்கும் பை) அமைப்பையோ மாதவிடாய் சுழற்சியின் ஹார்மோன்களையோ எழுத உட்கார்ந்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறேன். தாவரவியலை முடித்த பிறகு விலங்கியலைத் தொடங்குவதா, இரண்டையும் சேர்த்தே படிப்பதா என்பதையும் தயவுசெய்து கூறுங்கள்.

பதில்: உயிரியல் ஆசிரியர்

வாசிக்கும்போது விடை கண்முன்னே இருப்பதால்தான் எல்லாம் தெரிந்ததாகத் தோன்றுகிறது. தேர்விலோ அதை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். அந்தப் பயிற்சி வீட்டிலேயே நடக்க வேண்டும். ரோடிகர், கார்பிக்கி என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, வாசித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவுகூர்ந்தார்கள்.

தாவரத்தின் கருப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தை ஒருமுறை கவனமாக வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் படத்தை வரையுங்கள். சூலின் சிறு திறப்பான சூல்துளைப் பக்கம் ஓர் அண்டச் செல்லும் அதன் துணைச் செல்களான இரண்டு சினர்ஜிட்களும், எதிர்முனையில் மூன்று எதிரடிச் செல்களும், நடுவில் இரண்டு துருவ உட்கருக்கள் கொண்ட மையச் செல்லும் வர வேண்டும். மொத்தம் 7 செல்கள், 8 உட்கருக்கள். ஏன் எட்டு என்று உங்களையே கேளுங்கள்: செயல்படும் பெருவித்தின் (கருப்பையாக வளரும் செல்) உட்கரு மூன்று முறை பகுப்படைவதால் ஒன்று இரண்டாகி, நான்காகி, எட்டாகிறது. கருவூண் திசு (விதையில் கருவுக்கு உணவாகும் திசு) மும்மயமாக, அதாவது மூன்று தொகுதி குரோமோசோம்களுடன் இருப்பது ஏன் என்பதற்கும் இந்தப் படமே விடை தரும். ஓர் ஆண் கேமீட் (ஆண் இனச்செல்) இரண்டு துருவ உட்கருக்களுடன் இணைகிறது. வரைந்த பிறகு புத்தகத்தைத் திறந்து, விடுபட்டவற்றை மட்டும் வேறு நிற மையில் குறியுங்கள். இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் அதே படத்தைப் பார்க்காமல் வரைந்தால், அடிக்கோடிட்ட பக்கங்களைப் புரட்டவேண்டிய தேவையே இராது.

பதில்: மருத்துவக் கல்லூரி மாணவர்

ஆசிரியர் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். தங்கையே, இரண்டு பாடங்களையும் மாறிமாறிப் படியுங்கள். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்களில் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35. இரண்டும் ஒரே நாளில்தான் வருகின்றன. ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்குச் சென்றால், முதலில் படித்தது நெடுநாள் தொடப்படாமல் கிடந்து மறந்துவிடும்.

ஹார்மோன்களின் பெயர்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டாம். 28 நாள் கோடு ஒன்றை வரைந்து, எது எதைத் தூண்டுகிறது என்று அம்புக்குறி இடுங்கள். எஃப்எஸ்ஹெச் என்னும் பிட்யூட்டரி ஹார்மோன் அண்டம் வளரும் பையான ஃபாலிக்கிளை வளர்க்கிறது, ஃபாலிக்கிள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது, ஏறத்தாழ 14ஆம் நாளில் எல்ஹெச் என்னும் மற்றொரு பிட்யூட்டரி ஹார்மோன் உச்சமடைந்து அண்டம் வெளியேறுகிறது, எஞ்சிய ஃபாலிக்கிள் கார்பஸ் லூட்டியமாகிப் புரோஜெஸ்டிரானைத் தருகிறது. கருவுறுதல் நிகழாவிட்டால் கார்பஸ் லூட்டியம் சிதைந்து, புரோஜெஸ்டிரான் குறைந்து, பெண்ணின் கருப்பையின் உட்சுவர் உதிர்கிறது. இந்தக் காரணத் தொடரைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கணுவிலிருந்து கேட்டாலும் எழுதலாம்.

மீண்டும் மாணவி

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. மரபியலில் இருபண்புக் கலப்பின் 9:3:3:1 விகிதத்தையும் இவ்வாறே படிக்கலாமா?

பதில்: உயிரியல் ஆசிரியர்

படிக்கலாம். ஒருபண்புக் கலப்பின் 3:1 விகிதத்தை மற்றொரு 3:1ஆல் பெருக்கினால் அந்த விகிதம் கிடைக்கும். முதல் சில முறை கலப்பு அட்டவணையின் 16 கட்டங்களையும் கையால் நிரப்பிப் பாருங்கள். அதன் பிறகு, ஒரே குரோமோசோமில் அருகருகே அமைந்த மரபணுக்களுக்கு இவ்விகிதம் ஏன் பொருந்துவதில்லை என்பதைப் புத்தகத்தைப் பார்க்காமல் சொந்த வாக்கியங்களில் எழுதி, உங்கள் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள்.