தளிக் குளிரில் மிளகாய் காய்க்க வழி சொல்லுங்கள்

தோட்ட நண்பர்களுக்கு வணக்கம். தேன்கனிக்கோட்டையை அடுத்த தளியில் இருக்கிறோம். கொல்லையில் ஆறு மிளகாய்ச் செடிகள் வைத்திருக்கிறேன். ஒருபக்கம் பலாமரம், மறுபக்கம் அடுத்த வீட்டு மாடி. மூன்று மணி நேரம் வெயில் விழுந்தாலே அதிகம். மிளகாய்க்கு ஆறு மணி நேரமாவது வேண்டுமே!

செடிகள் இடுப்பளவு வளர்ந்து, இலைகள் கரும்பச்சையாக இருக்கின்றன. பூவும் வைக்கிறது. ஆனால் விடிந்து பார்த்தால் காம்பு மஞ்சளாகி மண்ணில் உதிர்ந்து கிடக்கிறது. மிச்சமிருப்பதும் விரல் பட்டாலே கையோடு வந்துவிடுகிறது. மனம் தாங்கவில்லை. இரவில் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலும் பூ உதிரும், தழைச்சத்து மிஞ்சினாலும் உதிரும். எனக்கு எது காரணம்?

பலா என் மாமியார் நட்டது, வெட்ட மாட்டேன். கிளைகளை மட்டும் கழித்தால் போதுமா? பூத்த செடியைத் தொட்டிக்கு மாற்றி மாடியில் வைத்தால் பிழைக்குமா? காந்தாரி மிளகாய் அரைநிழலிலும் காய்க்கும். ஓசூர்ப் பக்கம் அதன் நாற்று வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.