மறுமொழி: பிக்கப் வண்டிச் சொற்கள் – ‘பின்சந்தை’க்குப் பதில் ‘அயல்’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பிக்கப் வண்டிகள் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் தயாரித்து நம் குழுவுக்கு அனுப்பிய தம்பிக்கு முதலில் என் நன்றி. இரண்டு முறை முழுதாகப் படித்தேன். பெரும்பாலான சொற்கள் அப்படியே நிற்கும். முக்கியமாக மூன்று உறுத்துகின்றன. அவற்றில் பெரியது ‘ஆஃப்டர்மார்க்கெட்’டுக்கு, அதாவது வண்டிக் கம்பெனியின் பெயரில் வராத பாகங்களுக்கு, எழுதிய ‘பின்சந்தை’. ஒன்பது ஆண்டுகளாக டெக்சஸில் பெட்ரோல் பிக்கப் ஓட்டுகிறேன், வார இறுதியில் அதன் கீழே படுத்து வேலையும் பார்க்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

> கேஸ் பிக்கப் = எரிவாயு பிக்கப்

இது பிழை, உடனே மாற்ற வேண்டும். அமெரிக்காவில் கேஸ் என்பது கேசோலினின் சுருக்கம், அதாவது நம் பெட்ரோல். நம் ஊரில் ‘கேஸ் வண்டி’ என்றால் எல்பிஜியிலோ சிஎன்ஜியிலோ ஓடுவது. இங்கே ‘கேஸ் பிக்கப்’ என்று அழுத்திச் சொல்வதே டீசலிலிருந்து பிரித்துக் காட்டத்தான். ஆகவே ‘பெட்ரோல் பிக்கப்’. ஈழத்து நண்பர்கள் ‘பெற்றோல்’ என்று எழுதட்டும். இதில் விவாதிக்க வேறொன்றும் இல்லை.

> ரிலையபிலிட்டி = நம்பகத்தன்மை

தவறான சொல் இல்லை. ஆனால் செய்திக்கும் சாட்சிக்கும் வங்கிக்கும் சொல்கிற சொல் இது. வண்டியைப் பற்றி நம் பட்டறைகளில் இரண்டு விதமாகச் சொல்வார்கள்: ‘நல்லா உழைக்கும்’, ‘வழியில கைவிடாது’. இரண்டும் ஒன்றல்ல என்பது வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மூன்று லட்சம் மைல் ஓடிய எஞ்சின், இடையிடையே சென்சர் போய் நடுரோட்டில் நின்றிருக்கலாம். அதற்கு உழைப்பு உண்டு, கைவிடாத குணம் இல்லை. இருபதாயிரம் மைல்கூட ஓடாத புது வண்டி நெடுஞ்சாலையில் திடீரென்று அணைந்து போவதும் உண்டு. 2024இல் டொயோட்டா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2022, 2023 மாடல் டண்ட்ரா பிக்கப்களும் லெக்சஸ் எல்எக்ஸ் கார்களும் அதில் அடக்கம். எஞ்சினைக் கடைந்தபோது உதிர்ந்த உலோகத் துகள் உள்ளேயே தங்கிவிட்டிருந்தது. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) தன் 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்காக அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் வண்டிகளை அழைத்தது. கிராங்க் ஷாஃப்டிலும் கனெக்டிங் ராடிலும் தயாரிப்புக் குறை. சோதனையில் தேறிய எஞ்சினுக்கு 0டபிள்யூ-20க்குப் பதில் 0டபிள்யூ-40 என்ற கெட்டியான ஆயில் ஊற்றித் தந்தார்கள். இரண்டிலும் வண்டிக்காரர் தன் பங்குக்கு எதையும் மாட்டிக் கெடுக்கவில்லை. கோளாறு ஆலையிலேயே வந்தது.

எனவே நீண்டநாள் தாங்குவதற்கு ‘உழைப்பு’, வழியில் நிற்காமல் இருப்பதற்கு ‘கைவிடாமை’ என்று முன்மொழிகிறேன். கள்ளாமை, கொல்லாமை, பொறாமை என்று ஆமை விகுதியில் குணங்களுக்குப் பெயர் வைத்துப் பழகிய மொழி நம்முடையது. எதிர்மறையில் முடிகிறதே என்று தயங்க வேண்டாம். வண்டியிடம் நாம் கேட்பதே அந்த ஒன்றைத்தான்.

சரி, இனி இந்தக் கடிதத்தின் முக்கியமான சொல்.

> ஆஃப்டர்மார்க்கெட் = பின்சந்தை

இந்தச் சொல்லை நான் எதிர்க்கிறேன். காரணம் சொல்கிறேன்.

‘பின்சந்தை’ என்று கேட்டதும் என் மனைவி ‘செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டா?’ என்றாள். அவளுக்கு வண்டி தெரியும். தெரிந்தவருக்கே பழைய சாமான் சந்தை நினைவுக்கு வருகிறது. அதோடு ‘பின்’ என்பதே இங்கே உண்மையில்லை. இங்குள்ள பல டீலர்கள் வண்டியை விற்பதற்கு முன்பே அதை இரண்டு, நான்கு அங்குலம் உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, அந்தச் செலவையும் விலைச்சீட்டில் சேர்த்து நிறுத்தியிருப்பார்கள். முதல் உரிமையாளர் சாவி வாங்கும்போதே அதில் ஆலைக்குச் சம்பந்தமில்லாத பாகங்கள் இருக்கும். எதற்குப் பின்?

கோவை அண்ணன் முன்வைத்த ‘வெளிச்சாமான்’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ‘கம்பெனி ஃபிட்டிங்கா, வெளியில மாட்டினதா?’ என்று கேட்டுப் பழகிய வாயிலிருந்து வந்த சொல். ஆனால் வண்டியில் பம்பரும் வெளிப்பாகம், கண்ணாடியும் வெளிப்பாகம். ‘வெளிச்சாமான் மூன்று மாட்டினேன்’ என்று எழுதினால், வண்டிக்கு வெளியே தெரிகிறவை என்றுதான் பாதிப்பேர் படிப்பார்கள். பேச்சில் ஒரு கையசைவோடு புரிந்துவிடுவது எழுத்தில் புரியாது.

‘பிறராக்கம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இது செய்தவர் யார் என்பதைப் பிடித்துக்கொள்கிறது. அங்கேதான் சிக்கல். ஆலையில் மாட்டும் ஸ்பார்க் பிளக்கைப் பல வண்டிகளுக்கு டென்சோ, என்ஜிகே போன்ற வேறு கம்பெனிகள்தான் செய்து தருகின்றன. அதே பிளக் வண்டிக் கம்பெனியின் பெட்டியில் ஒரு விலைக்கும், செய்தவர் பெட்டியில் வேறு விலைக்கும் கிடைக்கும். பொருள் ஒன்றுதான். ஆக, செய்தவர் யார் என்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? அந்தப் பாகம் கெட்டால் யார் பதில் சொல்வது என்பதை வைத்துத்தான் என்கிறேன். இதை அகராதியில் நான் கற்கவில்லை, என் வண்டியில் கற்றேன்.

பெட்ரோல் பிக்கப்பின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்தே ஆலையிலிருந்து வரும். பின்னால் பாரம் ஏற்றினால் சமமாகட்டும் என்ற கணக்கு. பாரம் ஏற்றாதவர்களுக்கு அது மூக்கு குனிந்தது போலத் தெரியும். முன் ஷாக்கின் தலையில் இரண்டு அங்குல வளையம் வைத்து நிமிர்த்துவார்கள். நானும் வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன் ஆக்ஸில் போகும் கோணம் கூடியது. பதினெட்டு மாதத்தில் சிவி ஜாயின்ட்டின் (ஆக்ஸில் மடங்கித் திரும்பும் மூட்டு) ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறமெல்லாம் கிரீஸ் தெறித்திருந்தது. அந்தக் கோளாறு நான் வைத்த வளையத்தால் வந்தது. அதை நான் யாரிடமும் கேட்கவில்லை, என் காசில் மாற்றினேன்.

அதே ஆண்டு எஞ்சினில் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும், சூடானதும் குறையும். வி8 எஞ்சின்களில் பாரம் இல்லாதபோது பெட்ரோல் மிச்சம் பிடிக்க நான்கு சிலிண்டரை ஓய வைக்கும் ஏற்பாடு பல கம்பெனிகளிடம் உண்டு. 1981இல் கேடிலாக் முயன்று கைவிட்ட யோசனை இது. பிறகு 2000களில் ஜிஎம்மும் கிரைஸ்லரும் பிக்கப்களுக்குக் கொண்டுவந்தார்கள், ஃபோர்டும் 2021இல் எஃப்-150இன் 5 லிட்டர் வி8க்குக் கொண்டுவந்தது. (சிலிண்டரை ஓய வைக்கும் இந்த ஏற்பாட்டுக்குத் தம்பி போட்டிருக்கும் ‘உருளை முடக்கம்’ வேண்டாம். முடக்கம் என்றால் கெட்டுப்போனது போலிருக்கிறது. ‘உருளை ஓய்வு’ போதும்.) ஓய்வெடுக்கும் சிலிண்டர்களின் டேப்பெட்டில் (வால்வைத் திறக்கத் தள்ளும் பாகம்) ஆயில் அழுத்தத்தால் நகரும் சின்னஞ்சிறு ஊசி ஒன்று உண்டு. அது சிக்கிக்கொண்டால் டேப்பெட் கெட்டு, கேம் ஷாஃப்டையும் தின்றுவிடும்.

வாரண்டி இருந்தது, டீலரிடம் கொண்டுபோனேன். சேவை மேசையில் இருந்தவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, முன் ஷாக்கைக் காட்டி, ‘வண்டியில் வேலை செய்திருக்கிறீர்கள், எஞ்சினுக்கு வாரண்டி கிடையாது’ என்றார். ஷாக்கின் தலையில் இருக்கும் வளையத்துக்கும் எஞ்சினுக்குள் இருக்கும் டேப்பெட்டுக்கும் என்ன உறவு? அமெரிக்காவில் 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இருக்கிறது. கம்பெனியின் பாகம் அல்லாததை மாட்டியிருப்பதை மட்டும் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகம்தான் கோளாறுக்குக் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும். அதை எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் இழுத்தார்கள், பிறகு செய்து தந்தார்கள். கழற்றிய டேப்பெட்டை மெக்கானிக் என் உள்ளங்கையில் வைத்தார். பெருவிரல் பருமன். அடியில் உருள வேண்டிய சக்கரம் உருளாமல் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, நகத்தால் தடவினால் வரி வரியாகத் தட்டுப்பட்டது.

இதிலிருந்துதான் என் சொல் வருகிறது. ஒரே வண்டியில் இரண்டு கோளாறு. ஒன்றுக்கு நான் பொறுப்பு, மற்றதற்கு ஆலை பொறுப்பு. ஆலையின் பொறுப்புக்குள் வராத பாகத்தை ‘அயற்பாகம்’ என்போம். உள்ளே வருவது ‘ஆலைப்பாகம்’.

அயல் என்ற சொல்லில் எனக்குப் பிடித்தது, அது குறை சொல்வதில்லை. ‘டூப்ளிகேட்’, ‘லோக்கல்’ என்றால் மட்டம் என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. அயற்பாகம் ஆலைப்பாகத்தைவிடச் சிறந்ததாகவும் இருக்கலாம். டிரெய்லர் இழுப்பவர்கள் பெரிய கியர் ஆயில் கூலர் மாட்டுகிறார்கள். உருளை ஓய்வே வேண்டாம் என்பவர்கள் ஓபிடி துளையில் (மெக்கானிக் கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) ஒரு சிறு கருவியைச் செருகி, எட்டு சிலிண்டரையும் எப்போதும் ஓட வைக்கிறார்கள். இவையெல்லாம் கைவிடாமைக்காகவே மாட்டுபவை. இன்னொரு பக்கம், எண்ணெய் தடவிய பருத்தி ஏர் ஃபில்டரை மாட்டி, எண்ணெய் அதிகமாகிக் காற்றளவு சென்சரில் படிந்து எஞ்சின் திணறுவதும் உண்டு. 33 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் மாட்டினால், அளவை மாற்றிப் பதியாத ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 64இல் போகும். டிஃபரன்ஷியலில் பல் மாற்றாவிட்டால் இழுவையும் குறையும். அயல் என்ற சொல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நிற்கிறது.

அப்புறம், இது ஒரு குடும்பமாக வளரும். எஞ்சின் கணினியில் எழுதும் டியூன் ஒரு பாகமே இல்லை, அதை ‘பின்சந்தைப் பாகம்’ என்று எப்படிச் சொல்வது? ‘அயல்நிரல்’ என்றால் சரியாகப் பொருந்துகிறது. ஆலைக்கு வெளியே செய்யும் மாற்றங்கள் அனைத்தையும் ‘அயல்வேலை’ எனலாம். ‘மாடிஃபிகேஷன்’ என்பதற்குத் தம்பி எழுதிய ‘திருத்தம்’ ஆகாது. யாழ்ப்பாணத்தில் வாகனம் திருத்துவது என்றால் பழுது பார்ப்பது. பட்டியலை அங்குள்ளவர்களும் படிக்கப் போகிறார்கள். ஆலைப்பாகத்துக்கு ஈடாக அதே இடத்தில் அதே வேலைக்கு வைப்பதைப் ‘பதிற்பாகம்’ என்றும், ஆலையில் இல்லாததைப் புதிதாகச் சேர்ப்பதைக் ‘கூடுதல் பாகம்’ என்றும் பிரித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நாம் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை.

சென்னை அம்மையார் எழுதிய மறுப்பு வலுவானது:

> அயலகம், அயல்நாடு என்று அரசே எழுதும்போது, அயற்பாகம் என்றால் வெளிநாட்டுப் பாகம் என்று ஆகாதா?

ஆகலாம் அம்மா, முதல் வாசிப்பில். ஆனால் அயல்நாடு என்பதில் வெளிநாட்டைத் தருவது ‘நாடு’. அயலார் என்றால் பக்கத்து வீட்டார்தான். ஈழத்தில் ‘அயலட்டை’ என்றால் அக்கம்பக்கம். கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, கம்பெனிக்காரர் ஆகாமல் வண்டிக்குப் பாகம் தருபவர் அயலார் என்பது எனக்கு இயல்பாகவே படுகிறது. நான்கு இடத்தில் எழுதிப் பார்த்தால் பழகிவிடும். ‘பின்சந்தை’யை அந்த வணிகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

பட்டியலில் சேர்க்க என் வரைவு: “அயற்பாகம் – வண்டியைச் செய்த நிறுவனத்தின் பெயரிலும் பொறுப்பிலும் வராத, ஆனால் அந்த வண்டிக்குப் பொருந்தும் பாகம். எ-டு: அயற்பாகம் மாட்டியதால் மட்டும் வாரண்டி போகாது.” சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எடுத்துக்காட்டின் முன்னால் ‘அமெரிக்காவில்’ என்று சேர்க்க வேண்டும். புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கழற்றுவதும் அவற்றைச் செயல்படாமல் செய்வதும் இங்கே கூட்டரசின் தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம். அதை அயல்வேலை என்ற பதிவின் கீழ் தனி வரியாகப் போட வேண்டும், விட்டுவிடக் கூடாது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஷாக்கின் தலையில் வைக்கும் அந்த வளையத்துக்கும், வண்டியை மொத்தமாக உயர்த்தும் ‘லிஃப்ட் கிட்’டுக்கும் தம்பி ‘உயர்த்துத் தொகுதி’ என்று எழுதியிருக்கிறார். அதைக் கேட்டால் வண்டியே தெரியவில்லை. நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டுபவர்களிடம் பழகியவர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள். ஸ்பிரிங் பட்டைக்குக் கீழே கட்டை வைத்து வண்டியைத் தூக்கினால் அந்தக் கட்டைக்கு அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா? அது கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஹியூஸ்டனிலிருந்து