பணம் கட்டி, மனு எழுதி, நாடு இழந்தவர்கள்

கோபன்ஹேகனுக்கு வேலைக்கு வந்த புதிதில் என் மேல்மாடியில் ஒரு பாட்டி இருந்தார். போலந்து யூதர். 1969ல் வார்சாவை விட்டுக் கிளம்பும்போது அவருக்கு 19 வயது. விசா நீட்டிப்புத் தாள்களோடு நான் அல்லாடுவதைப் பார்த்துவிட்டு, "மேலே வா, என் தாளைக் காட்டுகிறேன்" என்றார்.

அது ஒரு பயண ஆவணம். இளவயதுப் புகைப்படம், முத்திரை, உள்ளே ஒரு வரி: இதை வைத்திருப்பவர் போலந்துக் குடியுரிமை உடையவர் அல்லர். போக மட்டும்தான் அது செல்லும், திரும்பி வர முடியாது.

1967ல் போலந்துக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கோமுல்கா யூதர்களைக் குறிவைத்து 'ஐந்தாம் படை', அதாவது உள்ளிருந்தே எதிரிக்கு உதவுகிறவர்கள், என்று பேசியதிலிருந்தே தொல்லை ஆரம்பம். 1968 மார்ச் மாணவர் போராட்டத்துக்கும் யூதர்கள் மேல் பழி போட்டு, வேலைகளிலிருந்து நீக்கினார்கள். இவர் அப்பா பொறியாளர். அவருக்கும் வேலை போனது. அடுத்த சில வருடங்களில் சுமார் 13,000 பேர் வெளியேறினார்கள்.

யாரையும் 'வெளியே போ' என்று எழுத்தில் சொல்லவில்லை. "என் குடியுரிமையை விட்டுவிட அனுமதியுங்கள்" என்று அரசுக்கு அவர்களே மனு எழுத வேண்டும். கூடவே தலைக்கு 5,000 ஸ்லோட்டி கட்டணம், ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். பிடுங்குவது அரசு, கையெழுத்து மட்டும் பிடுங்கப்பட்டவருடையது! எனக்கு வயிறு எரிந்தது இதைக் கேட்டுத்தான். 1974ல் சோவியத் எழுத்தாளர் சோல்செனித்சினிடமும் 1976ல் கிழக்கு ஜெர்மனியின் பாடகர் வோல்ஃப் பியர்மனிடமும் அரசுகள் குடியுரிமையை வெளிப்படையாகவே பறித்தன, உலகமே கேள்வி கேட்டது. இந்தப் போலந்து யூதர்களைப் பற்றிக் கேட்டால், "அவங்களாத்தானே போனாங்க" என்று சொல்லிவிடலாம்.

கொண்டுபோகும் சாமான்களுக்குப் பட்டியல் கொடுக்க வேண்டுமாம். அதன் நகலையும் வைத்திருக்கிறார். தலையணை உறை, கரண்டி, அம்மாவின் குளிர்காலக் கோட் என்று வரிவரியாகத் தட்டச்சு. வார்சா க்தான்ஸ்கா ரயில் நிலையத்தில் வழியனுப்ப வந்த தன் பாட்டியை அதற்கப்புறம் அவர்கள் பார்க்கவே இல்லை. அவர் இறந்தபோது அடக்கத்துக்குப் போக அப்பா விசா கேட்டார். மறுத்துவிட்டார்கள்.

2005ல் போலந்தின் உச்ச நிர்வாக நீதிமன்றம், அப்படிக் குடியுரிமை போனது சட்டப்படி செல்லாது என்று சொன்னது. தம்பி உடனே விண்ணப்பித்துப் போலந்து பாஸ்போர்ட் வாங்கிவிட்டார். இவர் வாங்கவில்லை. "மறுபடியும் ஒரு மனுவா? என்னால் முடியாது" என்றார். டேனிஷ் பாஸ்போர்ட்டிலேயே வார்சா போய் வருகிறார்.