புதுப்பிப்பு: உயர்த்திய பிக்கப்பும் வாலாட்டிய கேம்பரும்

போன மாதம் கேட்டிருந்தேனே, இரண்டு அங்குலம் உயர்த்திய என் பிக்கப்பில் 700 கிலோ கேம்பரை (பின்னால் இழுத்துப்போகும் தங்கும் வண்டி) மாட்டினால் அது வாலாட்டுகிறது, அதாவது ஓடும்போது இடமும் வலமுமாக ஆடுகிறது என்று? விடை கிடைத்துவிட்டது.

பிக்கப்பை உயர்த்தியபோது கேம்பரை மாட்டும் கொக்கியும் உயர்ந்துவிட்டது. கேம்பர் மூக்கைத் தூக்கி நிற்க, பாரம் பின்னால் போய்விட்டது. வீட்டு எடை மெஷினை மேட்டுப்பாளையம் தெருவில் வைத்துப் பார்த்தேன் (வேடிக்கை பார்க்க நாலு பேர்). கொக்கியில் இறங்கியது வெறும் 40 கிலோ! கேம்பரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதமாவது வேண்டும்; குறைந்தால் இப்படித்தான் வாலாட்டும்.

தாழ்வான கொக்கித் தண்டு மாட்டி, கேம்பரைச் சமமாக்கினேன். கேம்பரில் இருந்த தண்ணீர் கேன்களை அதன் சக்கர அச்சுக்கு முன்னால் நகர்த்தினேன். இப்போது 85 கிலோ. பிக்கப்பின் பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டையும் சேர்த்தாயிற்று. காலியாக ஓட்டினால் இடுப்பு ஒடிகிறது, அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை பர்லியார் வழியாகக் குன்னூர் ஏறினேன். 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆட்டமே இல்லை. பெரிய டயர் என்பதால் இழுவைதான் கொஞ்சம் மந்தம். ஆனால் இறங்கும்போது, இரண்டாம் கியரிலேயே வந்தும், பர்லியாரில் பிரேக் கருகிய வாடை. சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. அரை மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்தேன். கேம்பருக்குத் தனி பிரேக் வைக்காமல் இனி மலைக்குக் கொண்டுபோவதாக இல்லை.